மைனருக்கு ஆபரேஷன் ஆகலீங்க

வாங்க தம்பி, வாங்க. கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள வாங்க. பயப்படாதீங்க, நாய் ஒண்ணும் பண்ணாது. கண்ணைத் தொறந்து பாத்துச்சுல்ல, அவ்வளவுதான். இனிமே சோத்து வட்டல் சத்தம் கேட்டாத்தான் எந்திரிக்கும். உங்க கழுத்துல அட்டை தொங்குது, நாய்க்கணக்கு எடுக்கற ஆளுங்களா? வாரீங்கன்னு நேத்தே மில்லுல பேசிக்கிட்டாங்க. உக்காருங்க. சேருல மாவு இருக்கும், தட்டிப்போட்டு உக்காருங்க. மாவு மில்லுக்காரன் வீட்டுல மாவில்லாத எடத்துக்கு எங்க போறது?

என்ன கேட்டீங்க? நாய்க்கு ஆபரேஷன் ஆயிருச்சான்னுங்களா?

நீங்க ஊருக்குப் புதுசு, அதான் கேட்டுப்போட்டீங்க. இந்த நூல்மில் வீதியில என்ற வாசல்ல நின்னு அந்தக் கேள்வியக் கேக்க வேற ஆளு கெடையாது. நாச்சிமுத்து மில்லு மைனருக்கு ஆபரேஷனா! அங்க எதிர்வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. ஆமா, நெசமாவே சிரிப்பாங்க. கொஞ்ச நாளாவே இந்த வீதியில மைனரப் பத்திப் பேச்செடுத்தா பொம்பளைங்க எல்லாம் முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. பெருமைதான், வேறென்ன.

அதோட காதையே ஏன் தம்பி பாக்கறீங்க? அதுக்கும் வாரேன். வரிசையாச் சொன்னாத்தான் உங்களுக்கு வெவரம் புரியும். மயிலாத்தா! தம்பிக்கு ஒரு காப்பி போடு. மயிலாத்தான்னா என்ற சம்சாரமுங்க.

மைனரக் கொண்டாந்தது காங்கேயத்துப் பக்கம், என்ற பெரியம்மா மகன் தோட்டத்துல இருந்து. போட்ட குட்டியில இது ஒண்ணுதான் மத்ததையெல்லாம் ஒதைச்சுத் தள்ளிப்போட்டு முன்னால நின்னு பால் குடிச்சுது. பாத்த ஒடனே தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். ஆம்பளைன்னா அப்படி இருக்கோணும். பேரும் அங்கயே வெச்சாச்சு. "வேற பேரே கெடைக்கலீங்களா"ன்னு மயிலாத்தா கேட்டா. நல்ல பேருன்னு அவளுக்குத் தெரியல. பொம்பளைங்களுக்கு அதெல்லாம் வெளங்காது.

அந்த வாலைப் பாருங்க. ஒடம்பெல்லாம் கருப்பு, வால் நுனி மட்டும் சுண்ணாம்புல தோச்ச மாதிரி வெள்ளை. பாத்துட்டீங்களா? இனி இந்த வீதியில நடந்து போறப்ப மத்த நாய்ங்க வாலையும் பாருங்க. பேக்கரி முன்னால படுத்திருக்கறது, ரேஷன் கடைச் சந்துல சுத்தறது, அம்மன் கோயில் பின்னால ஒரு செவலை, அத்தனைக்கும் வால் நுனி வெள்ளை. எல்லாம் மைனரு வாரிசு. அரிசி அரைக்க வாரவங்க, "நாச்சிமுத்தண்ணா, உங்க பேரனுங்க எங்க வாசல்ல வந்து செருப்பைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க"ம்பாங்க. எனக்கு மூணும் பொண்ணுங்க தம்பி. பேரனுங்கன்னு ஒருத்தர் சொன்னா, அது நாய்க்குட்டியாவே இருக்கட்டும், காதுக்கு ஒரு குளிர்ச்சிதான்.

அப்பத்தான் செம்பி வந்து சேந்தா. செவலைப் பொட்டை நாய். எங்கிருந்து வந்தாளோ, என்ற மில்லுக்குப் பின்னால தவிட்டு மூட்டை அடுக்கற சாளையில படுத்துக்கிட்டா. மயிலாத்தா சோறு வெச்சா. அப்புறம் கேக்கோணுமா? வருசத்துக்கு ரெண்டு ஈத்து. எலும்புந்தோலுமாப் போயிருவா, கொஞ்சம் தேறுவா, மறுக்காவும் வயிறு தள்ளிக்கும். இயற்கைங்க. நாம என்ன பண்ண முடியும்?

அந்த ஐப்பசி மழையிலதான் மயிலாத்தாளுக்கு மனசு கெட்டுப்போச்சு. செம்பி குட்டி போட்டிருந்தா. சாளைக்குள்ள தண்ணி வந்துருச்சு. ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டுப் போய்ச் சாக்கடைத் திட்டு மேல வெச்சிருக்கறா. திட்டு சரிஞ்சு ரெண்டு குட்டி தண்ணியோட போயிருச்சு. மீதியக் கவ்விக்கிட்டு ரோட்டத் தாண்டறப்ப ஸ்கூல் வேன் வந்துருச்சு. அத நான் பாக்கலீங்க. மயிலாத்தா பாத்தா. சேலையெல்லாம் சேறா வந்து நின்னா, கையில ஒரே ஒரு குட்டி. அதுவும் மறுநாளே போயிருச்சு. செம்பி அது படுத்திருந்த கோணிச் சாக்க நக்கிக்கிட்டே இருந்தா. மயிலாத்தா அவ பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துக்கிட்டா. அன்னிக்கு எனக்குச் சோறே ஆக்கலீங்க. நான் பரோட்டாக் கடைக்குப் போக வேண்டியதாப் போச்சு.

"நாய்னா குட்டி போடும், சாகும், மறுக்காப் போடும். இதுக்குப் போய் அழுவாங்களா"ன்னு ஆறுதலாத்தான் சொன்னேன். அவ திரும்பி ஒரு பார்வை பாத்துப்போட்டு, "அதுக்கும் ஒடம்புதானுங்களே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாய்க்கு ஒடம்பில்லைன்னு நான் சொன்னேனா என்ன?

அதுல இருந்துதான் எதிர்வீட்டு டீச்சரம்மா கூடச் சேர ஆரம்பிச்சா. பிலோமினா டீச்சர், பொம்பளைப் புள்ளைங்க ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறாங்க. நல்லவங்கதான். ஆனாப் படிச்சவங்கல்ல, எதுக்கெடுத்தாலும் ஆராய்ச்சி. நாய் வண்டியக் கூப்பிடலாம், புடிச்சுட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, நாலஞ்சு நாள் வெச்சுப் பாத்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு அதே எடத்துல கொண்டாந்து விட்டுருவாங்கன்னு வீதியில ஒரு கூட்டம் போட்டாங்க. கூட்டம் எங்கன்னு நெனைக்கறீங்க? என்ற மில்லு முன்னாலயே. என்ற சேரைப் போட்டு.

நான் விட்டுருவனா? எந்திரிச்சுப் பேசினேன் பாருங்க. "பொட்டை நாய்க்கு வேணும்னாப் பண்ணிக்குங்க. ஆம்பளை நாய்க்கு எதுக்கு? ஆண்டவன் குடுத்தத அறுக்கறதுக்கு நாம ஆரு? மைனரு மேல கை வெக்கோணும்னா இந்த நாச்சிமுத்தத் தாண்டித்தான் போகோணும்"னேன். கை தட்டுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் தட்டல. ஆம்பளைங்க எல்லாம் கீழ குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வீட்டுல பயம்.

டீச்சரம்மாதான் சொன்னாங்க. "அண்ணா, பொட்டை நாய்க்கு வயித்தக் கிழிச்சுப் பண்ணோணும். ஆண் நாய்க்குச் சின்னதா ஒரு கீறல், சீக்கிரம் ஆறிரும். ரெண்டுக்குமே பண்ணினாத்தான் இந்த வீதி அடங்கும்."

நான் சொன்னேன், "டீச்சரம்மா, எனக்கே அந்தக் காலத்துல நர்ஸம்மா வந்து இதையேதான் சொன்னாங்க. ஆம்பளைக்குச் சின்ன ஆபரேஷன், ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்னு. நான் ஒத்துக்கிட்டனா?"

ஒத்துக்கலீங்க தம்பி. மூணாவது பொண்ணு பொறந்த நேரம். நர்ஸம்மா வாராங்கன்னு தெரிஞ்ச ஒடனே நான் பழனிக்கு மாலை போட்டுக்கிட்டேன். மாலை போட்டவனை ஆரு என்ன பண்ண முடியும்? நடந்தே போயிட்டு வந்தேன். திரும்பி வந்தா மயிலாத்தா ஆஸ்பத்திரிக்குப் போயி அவளே பண்ணிக்கிட்டு வந்து படுத்திருக்கறா. வயித்தப் புடிச்சுக்கிட்டே எந்திரிச்சு எனக்குத் தண்ணி காய வெச்சுக் குடுத்தா. இன்னிக்கு வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்லீங்க. அப்படி ஒரு பொம்பளை. நான் இத அந்தக் கூட்டத்துலயும் சொல்லி, "இப்படி இருக்கோணும்"னு அவளப் பெருமையாக் காட்டினேன். அவ டீச்சரம்மாளப் பாத்தா, டீச்சரம்மா அவளப் பாத்தாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னை எதுத்துப் பேசலீங்க. அடங்கிப்போச்சு கூட்டம்.

வண்டி வந்த அன்னிக்கு நான் மைனர மில்லுக்குள்ள, கோதுமை மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். மில்ல வேற ஓட விட்டேன், கொலைச்சாலும் வெளிய கேக்கக்கூடாதுன்னு. வண்டிக்காரங்க வலைய வீசி செம்பி, பேக்கரிக் கருப்பன், கோயில் செவலைன்னு ஆறேழு உருப்படியப் புடிச்சாங்க. அவங்க போன பொறவு கதவைத் தொறந்தா, மைனரு தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே வெள்ளை. மாவு. தும்மிக்கிட்டே வெளிய வந்தான். வீதியே பாத்துச் சிரிச்சுது. நான் கண்டுக்கல. செயிச்சது நாங்கதானுங்களே.

போன நாய்ங்க எல்லாம் அந்த வாரக் கடைசியில திரும்பி வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் எடது காதுல முக்கோணமா ஒரு சின்ன வெட்டு. மறுக்காப் புடிக்காம இருக்கறதுக்கு அடையாளமாம். மயக்கத்துல இருக்கறப்பவே வெட்டிருவாங்களாம், வலிக்காதாம். உங்களுக்குத் தெரியாததா.

சரி, வெவகாரம் முடிஞ்சுதுன்னுதான நெனைப்பீங்க? முடியல. ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்து புதுசு புதுசா பொட்டை நாய்ங்க வர ஆரம்பிச்சுது. மைனரு ஒருத்தன்தான முழுசா இருக்கறான். அவனத் தேடி வெளியூர் ஆண் நாய்ங்களும் சண்டைக்கு வந்துச்சு. ஒரு நாள் காலையில பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போற ஒரு புள்ளை ஸ்கூட்டியில வந்திருக்கறா. இந்தக் கூட்டம் சண்டை போட்டுக்கிட்டே குறுக்க உழுந்து, அவ கீழ சாஞ்சு, வலது கை எலும்பு முறிஞ்சு போச்சு. நான் ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன். அவங்கப்பன் என்னை உள்ளயே விடல. வாசல்லயே நிறுத்திச் சொன்னான். "உங்க நாயக் கட்டிப் போடுவீங்களோ என்ன பண்ணுவீங்களோ. இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டுச்சு, கறியில மருந்து வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பிருவேன்."

கோவத்துல சொல்றது. நெசமா வெப்பாங்களா? நான் அதோட மறந்துட்டேன். மயிலாத்தாதான் மறக்கல. மைனரு வெளிய போனா வாசல்லயே நிப்பா. ஆரு எதைப் போட்டாங்க, எதை மோந்தான்னு பின்னாலயே போவா. ஒரு நாளு எச்சி எலயில கெடந்த கோழித் துண்ட அவன் வாயில கைய உட்டுப் புடுங்கி எறிஞ்சா. கையெல்லாம் பல்லுத் தடம். வந்து என்ற முன்னால கையக் காட்டி, "ஏனுங்க, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இவனுக்கும் பண்ணிரலாமுங்க. இவன் உசுரோட இருக்கோணும் எனக்கு"ன்னா.

நான் ஒரே பேச்சுல முடிச்சுட்டேன். "என்ற உசுரு இருக்கற வரைக்கும் ஆகாது." நமக்கு ஒரு நாக்குதான தம்பி?

"சரிங்க"ன்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலீங்க.

தை மாசம் வந்துச்சு. நான் வருசா வருசம் காவடிக் கூட்டத்தோட பழனிக்கு நடந்து போறவன். மத்த வருசமெல்லாம் மயிலாத்தா, "முட்டி வலிக்குதுங்கறீங்க, பஸ்ஸுல போகக்கூடாதா"ன்னு மொகத்தத் தூக்கி வெச்சுக்குவா. இந்தத் தடவ பாருங்க, அவளே பையக் கட்டிக் குடுத்தா. முறுக்கு, கடலை உருண்டை, காலுக்குத் தைலம். "அவசரப்பட வேண்டாமுங்க, இன்னும் ரெண்டு நாள் தங்கிச் சாமியக் கண்ணாரப் பாத்துட்டே வாங்க"ங்கறா. டீச்சரம்மா வேற வந்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க தம்பி! என்ற பக்தி அவங்களையே அசைச்சுருச்சு பாருங்க.

போயிட்டு வந்து கேட்டைத் தொறந்தா மைனரு ஓடி வரல. உள்ள போய்ப் பாத்தா, என்ற பழைய வேட்டிய நாலா மடிச்சுப் போட்டு அதுமேல படுத்திருக்கறான். மயிலாத்தா பக்கத்துல உக்காந்து அவிச்ச முட்டைய ஊட்டிக்கிட்டு இருக்கறா. கழுத்துல ஒரு பிளாஸ்டிக் வாளி. அடிய வெட்டிப்போட்டுத் தலைய அதுக்குள்ள நுழைச்சு மாட்டியிருக்கறா. ரேடியோக் கொழாய் மாதிரி மொகம் தெரியுது. எடது காதுல முக்கோணமா ஒரு காயம்.

"என்னடி ஆச்சு?"

"பூனை கடிச்சுப்போட்டுதுங்க."

"பூனை முக்கோணமாவா கடிக்கும்?"

"பெரிய பூனைங்க"ன்னா.

பின்னால பாத்தேன். அங்கயும் ஒரு தையல். அது எப்படின்னா, பூனைக்குப் பயந்து கம்பி வேலியத் தாண்டினானாம், கம்பி கிழிச்சுருச்சாம். பாவம், டீச்சரம்மாதான் கார் புடிச்சுக் கூட்டிட்டுப் போயித் தையல் போட்டுக் கொண்டாந்தாங்களாம். தெனமும் அவங்களே வந்து மாத்திரை குடுத்தாங்க. எதுத்துப் பேசினோமேன்னு மனசுக்குள்ள உறுத்தியிருக்கும் போல. நானும் பெருந்தன்மையா ஒண்ணும் கேட்டுக்கல.

நான் பழனி போயிருந்தப்ப அந்த நாய் வண்டி வேற மறுக்கா வந்துச்சாம் தம்பி! நல்ல வேளை, மயிலாத்தா கேட்டுலயே நின்னு, "என்ற வீட்டுக்காரர் இல்லாதப்ப உள்ள வரக்கூடாது"ன்னு தொரத்திட்டாளாம். அவளே சொன்னா. அவ பொய் பேச மாட்டா. பொய் சொல்லத் தெரியோணும்னா அதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணுமில்லீங்களா?

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்களும் ஆம்பளை, சொல்றதுக்கென்ன. காயம் ஆறின பொறவு பாத்தா, அங்க... முன்ன இருந்த எடுப்பு இல்லீங்க. வெறும் பை மாதிரி. மயிலாத்தாகிட்டக் கேட்டேன். "தை மாசப் பனிக்குச் சுருங்கி உள்ள போயிருச்சுங்க, வெயில் வந்தாச் சரியாயிரும்"னா. சித்திரை வந்துச்சு, கத்திரி வெயிலும் வந்துச்சு. இந்த வருசம் வெயில் பத்தலைன்னு நெனைக்கறேன்.

ஆனா ஒண்ணு, ஆளே மாறிட்டான் தம்பி. ரயில்வே கேட்டுப் பக்கம் போறதில்ல. சண்டை இல்ல. பொட்டை நாய் வாசல்ல வந்து நின்னாக்கூட ஒரு கண்ணத் தொறந்து பாத்துப்போட்டு மூடிக்கறான். எப்படி மாறினான்னு கேக்கறீங்களா? காரணம் இருக்குது. பழனியில இருந்து வந்த அன்னிக்கே அவன் நெத்தியில துண்ணூறு பூசி, "மைனரு, இத்தோட போதும், பேரு கெடுது"ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னேன். கேட்டுக்கிட்டான்! மில்லுக்கு வாரவங்ககிட்ட எல்லாம் இதத்தான் சொல்றேன். கத்தி எதுக்கு, ஊசி எதுக்கு? சொல்ற விதமாச் சொன்னா நாய் கேக்கும். கேட்டுப்போட்டு எல்லாரும் மயிலாத்தாளத் திரும்பிப் பாக்கறாங்க. அவ மாவு சலிக்கறதுலயே கண்ணா இருப்பா.

இதுக்கு நடுவுல தாராபுரத்துப் பக்கம் ஒரு பெரிய தோட்டக்காரர், மைனரப் பத்திக் கேள்விப்பட்டுச் சொல்லி விட்டாரு. அவருகிட்ட சாதிப் பொட்டை நாய் ஒண்ணு இருக்குதாம், சேத்து வெக்கலாமான்னு. எனக்கு எப்படி இருக்கும்? மைனர ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். கழுத்துல செவ்வந்தி மாலை. வாடகைக் காரு. மயிலாத்தா மட்டும் கெளம்பற வரைக்கும், "வேண்டாமுங்க, வெயிலாயிருக்குது, வேண்டாமுங்க, நாள் நல்லாயில்ல"ன்னு தடுத்துக்கிட்டே இருந்தா. வெயிலுல போனாத்தான் இவனுக்கு நல்லதுன்னு நீயே சொன்னியேன்னேன்.

போனோம். அந்தப் பொட்டை நாயக் கொண்டாந்து விட்டாங்க. வெள்ளை வெளேர்னு ஒசரமா, அழகுன்னா அழகு. அது வந்து மைனர மோந்து பாத்துச்சு. சுத்திச் சுத்தி வந்துச்சு. காலால தட்டிக்கூடப் பாத்துச்சு. மைனரு என்ன பண்ணினான்னு நெனைக்கறீங்க? கழுத்து மாலையில இருந்து ஒரு பூவப் பிச்சுத் தின்னான். அப்புறம் வேப்ப மரத்தடியில நெழலாப் பாத்து எடம் புடிச்சுப் படுத்துக் கொறட்டை விட்டான்.

தோட்டக்காரரு கிட்ட வந்தாரு. காதப் பாத்தாரு. குனிஞ்சு பின்னாலயும் பாத்தாரு. நிமிந்து, "ஏனுங்க, இதுக்கு ஆபரேஷன் ஆயிருச்சுங்களே?"ன்னாரு.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! "ஆர் வீட்டு நாயப் பாத்து என்ன பேசறீங்க? உங்க நாய்க்கு லட்சணம் பத்தல, மருவாதி தெரியல, மொதல்ல அதப் பாருங்க. பெரிய மனுசன் வீட்டுப் பையனப் போயித் தட்டி எழுப்புமா ஒரு பொம்பளை நாயி?"ன்னு கேட்டுப்போட்டு மைனரத் தூக்கிக் காருல போட்டுக்கிட்டு வந்துட்டேன். தூக்க முடியல தம்பி, நல்ல கனம் இப்ப. வழியெல்லாம் அந்தக் காரு டிரைவர் பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுக்கிட்டே ஓட்டறான். ரோடு சரியில்லையோ என்னமோ.

வீட்டுக்கு வந்து மயிலாத்தாகிட்ட நடந்தத ஒண்ணு விடாமச் சொன்னேன். அவளுக்குத் தாங்கல. அப்படியே செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டா. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது. ஒடம்பெல்லாம் குலுங்குது. எனக்கு நேந்த அவமானத்துல அவளுக்கு அவ்வளவு வருத்தம். நானே அவள எழுப்பித் தண்ணி குடுத்தேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவளுக்கு நான் தண்ணி மோந்து குடுத்தது அன்னிக்குத்தான்னு நெனைக்கறேன். குடிச்சுப்போட்டு, மொகத்தத் தொடச்சுக்கிட்டு, "போதுமுங்க. அவன் உசுரோட, நிம்மதியா இருக்கறான். அது போதுமுங்க"ன்னா. அவ சொன்னதுக்காக அந்தத் தோட்டக்காரர மன்னிச்சு விட்டுட்டேன்.

அந்தச் சாளைப் பக்கம் பாருங்க தம்பி. அங்க படுத்திருக்கறா பாருங்க, அதுதான் செம்பி. எலும்புந்தோலுமா இருந்தவன்னு சொன்னா நம்புவீங்களா? பளபளன்னு இருக்கறா. மத்தியானமானா இவன் போய் அவ முதுகோட முதுகு ஒட்டிப் படுத்துக்குவான். புருசன் பொஞ்சாதியாட்டம். வீதியில ஒரு குட்டி கண்ணுல படுதா? இந்த மழைக்கு ஒரு குட்டிகூடச் சாக்கடையில போகல. அந்தக் கை முறிஞ்ச புள்ளை இப்ப ஸ்கூட்டிய நிறுத்தி மைனருக்குப் பிஸ்கட் போட்டுட்டுப் போறா. ஆபரேஷன் கெடக்கட்டும், இயற்கையா விட்டா எல்லாம் தானா அடங்கும்னு அன்னிக்கு நான் ஒருத்தன் கத்தினேன். ஆரு கேட்டா? இப்பப் பாருங்க, ஆரு சொன்னது நெசமாப் போச்சு? உங்க ஆபீசுல கூட்டம் கீட்டம் போட்டாக் கூப்பிடுங்க, நான் வந்து பேசறேன்.

இந்தா, காப்பி வந்துருச்சு. எடுத்துக்குங்க. ஏன் மயிலாத்தா, தம்பியப் பாத்துத் தலைய ஆட்டற? சக்கரை போதுமான்னு கேக்கறயா? வாயத் தொறந்து கேளு. தம்பி நம்ம பையனாட்டம்தான். பாருங்க தம்பி, நீங்களும் தலைய ஆட்டறீங்க. பொரை ஏறுது, மெதுவாக் குடிங்க.

பூனைங்களா? பூனையையும் கணக்குல எடுக்கறீங்களா? இருக்குதுங்க, இப்பத்தான் ஒண்ணு வந்திருக்குது. மில்லுல எலி ஜாஸ்தியாயிருச்சுன்னு போன வாரம் கொண்டாந்தேன். கடுவன். பேரு ஜமீன்தார். வந்து இன்னும் ஊரே தெரியாது, அதுக்குள்ள பேக்கரிக் கூரை மேல மூணு பொட்டைப் பூனைங்க வந்து உக்காந்துக்கிட்டுக் கத்துதுங்க. அவன் நடையப் பாக்கோணும் நீங்க!

இப்ப வீட்டுல இல்லீங்க. காலையிலதான் டீச்சரம்மா ஒரு கூடையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க. ஊசி போடோணுமாம். மயிலாத்தாதான் வந்து கேட்டா. ஊசி மட்டும்னா போகட்டும், வேற எதாச்சும் கை வெச்சாங்கன்னு தெரிஞ்சுது, நடக்கறதே வேறன்னு கண்டிசனாச் சொல்லி அனுப்பினேன்.

"சரிங்க"ன்னா. என்ற பேச்சுக்கு மறுபேச்சு இந்த வீட்டுல கெடையாதுங்க தம்பி.